வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறவர்

ஆரணி,
செவ்வாய்க்கிழமை

சிரஞ்சீவி லோகநாதனுக்கு,

மாமா கமலக்கண்ணன் ஆசீர்வதித்து எழுதிக்கொள்வது. இங்கு நானும் உன் அக்கா மணிமேகலையும் படவேட்டு அம்மன் புண்ணியத்தில் உயிரோடு இருக்கிறோம். நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. அங்கு நீயும் சௌபாக்கியவதி லாவண்யாவும் கட்டாயம் நலமாக இருப்பீர்கள். வைக்கோற்போரில் நெருப்பு வைத்தவன் தூரத்தில் நின்று குளிர்காய்வது ஊரறிந்த விஷயம்தானே.

செல்போன் இருக்கும்போது இந்த மனுஷன் ஏன் கடிதம் எழுதுகிறார் என்று நீ நினைப்பாய். போனில் சொன்னால், எனக்குக் கோபம் வந்ததும் உனக்கு சிக்னல் போய்விடுகிறது. வாட்ஸ்அப்பில் எழுதினால் குடும்பக் குரூப்பில் எல்லாரும் கைகூப்புகிற படம் போட்டு விஷயத்தை அமுக்கிவிடுகிறார்கள். வாய்ஸ் மெசேஜ் அனுப்பலாம் என்றால், என் குரலை நான் பெற்ற மகள், உன் செல்ல மருமகள் காவ்யா மேடையில் போட்டுக் காட்டமாட்டாள் என்பதற்கு என்ன உத்தரவாதம்? அதனால்தான் கடிதம். நிதானமாகப் படி.

காவ்யா உன் வீட்டில் தங்கி கம்பெனி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஒரு சனிக்கிழமை நீதான் அவளை ஒரு காபிக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனாய். அங்கே ஒரு மைக்கும் ஒரு ஸ்டூலும் போட்டு, யார் வேண்டுமானாலும் ஏறி சிரிப்பு வரும்படி பேசலாம் என்றார்களாம். நீ ஏறியிருக்கலாம். அவளை ஏற்றிவிட்டாய். அன்றைக்கு ஏறியவள் இன்னும் இறங்கவில்லை. போன தை மாதத்தோடு கம்பெனி வேலையையும் விட்டுவிட்டாள். ஸ்டாண்ட் அப் காமெடி என்று பெயர் சொன்னாள், நின்றுகொண்டு பேசுவதாம். நானும் முப்பது வருடமாகப் பட்டுக் கடையில் நின்றுகொண்டுதான் பேசுகிறேன், ஒருத்தரும் டிக்கெட் வாங்கவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த வாரம் சென்னையில் அவளுடைய ஒரு மணி நேர நிகழ்ச்சியை கேமரா வைத்துப் படம் பிடித்து உலகம் முழுக்கப் போடப் போகிறார்கள். அதில் என்னைப் பற்றி ஒரு பகுதி வருகிறது. அப்பா சரி என்றால்தான் அதை வைப்பேன், இல்லையென்றால் எடுத்துவிடுவேன் என்கிறாள். எடுத்துவிட்டால் நிகழ்ச்சியே நிற்காது என்று அவளுடைய சிநேகிதன் கிரண் சொல்கிறான். சனிக்கிழமைக்குள் நான் பதில் சொல்ல வேண்டுமாம். என் பதில்: முடியாது. இதை அவளிடம் நீதான் சொல்ல வேண்டும். காது குத்தும்போது அவளை மடியில் உட்கார வைத்துக்கொண்ட தாய்மாமன் நீ. அழுகிற பிள்ளையைச் சமாதானப்படுத்துவது அன்றைக்கே உனக்கு ஒதுக்கிய வேலை.

காரணம் கேட்பாய். முதலிலிருந்து சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மூன்று பேர் வந்து இறங்கினார்கள். காவ்யா, அந்தக் கிரண், இன்னொரு பையன் தென்னரசு. கிரண் சென்னைக்காரன், முழுநேரமும் இதே தொழில். தென்னரசுவுக்கு கலசப்பாக்கம் பக்கம். அப்பா அம்மா இரண்டு பேரும் அடுத்தவர் நிலத்தில் வேலை பார்த்துப் படிக்கவைத்த பிள்ளை. செய்யாறில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்த்துக்கொண்டு, லீவு நாளில் மேடை ஏறுகிறான். ஆடி மாதம் முகூர்த்தம் இல்லாததால் நம்ம தெருக்கோடிக் கல்யாண மண்டபம் காலி. சாயங்காலம் அங்கே நிகழ்ச்சி. அதுவரைக்கும் நம் வீடுதான் அவர்களுக்கு ஜாகை.

கிரண் வந்ததும் தன் பெயர் அச்சடித்த அட்டை ஒன்றை என்னிடம் கொடுத்தான். வாசலுக்கு எடுத்துப் போய்த் தூக்கிப் பார்த்தேன். கெட்டியான அட்டை, மை பின்பக்கம் ஊறவில்லை, சுத்தமான வேலை. திரும்பினால் மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். ஏன் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

டிபன் சாப்பிட்டுவிட்டு முன்கூடத்தில் உட்கார்ந்து தொழில் பேச ஆரம்பித்தார்கள். நான் பக்கத்தில் சேலைகளை மடித்துக்கொண்டிருந்தேன், காதை மடித்து வைக்க முடியுமா? லோகு, சிரிக்கவைக்கிறவர்கள் கூடினால் வீடு அதிரும் என்று நினைத்திருந்தேன். சாவு வீட்டில்கூட நடுநடுவே யாராவது சிரிப்பார்கள். இவர்கள் சிரிப்பதே இல்லை. ஒருத்தன் ஒரு ஜோக் சொல்கிறான், அடுத்தவன் கன்னத்தில் கைவைத்துக் கேட்டுவிட்டு, "இது நல்லா சிரிப்பா இருக்குது" என்று முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு சொல்கிறான். பிறகு யோசித்துப் பார்த்தேன். பட்டு நெய்கிறவன் கைலி கட்டிக்கொண்டுதான் தறியில் உட்கார்கிறான். அதுபோலத்தான் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

ஒரே ஒரு வார்த்தைக்கு அவர்கள் போட்ட சண்டையைக் கேள். காவ்யா எதையோ எழுதி வைத்திருந்தாள், என்ன என்று எனக்குச் சொல்லவில்லை. "அரை மணி நேரம் வேணாம் காவ்யா, பத்து நிமிஷம்னு வை" என்றான் கிரண்.

"உண்மையிலயே அரை மணி நேரம்டா."

"உண்மைக்கு எவன் சிரிச்சான்? நம்பர் சின்னதா இருந்தா தான் சிரிப்பு பெருசா வரும். அரை மணி நேரம்னு நீ சொல்லி முடிக்கறதுக்குள்ள சிரிப்பு ஆறிப்பூடும்."

இவளும் விடவில்லை. ஜரிகை நிறம் பார்த்துச் சண்டை போடுகிற கல்யாண வீட்டார் மாதிரி பத்துக்கும் முப்பதுக்கும் அரைநாள் போனது. கடைசியில் பத்து ஜெயித்தது.

அப்புறம் பிழைப்பைப் பற்றிப் பேசினார்கள். மனசுக்குச் சங்கடமாக இருந்தது. கிரணை ஒரு பெரிய கம்பெனி விருந்துக்குக் கூப்பிட்டார்களாம். இவன் மைக்கைப் பிடித்த நேரத்தில்தான் பிரியாணியைத் திறந்திருக்கிறார்கள். இவன் இருபது நிமிடம் வரிசையில் நிற்கிறவர்களின் முதுகைப் பார்த்துக்கொண்டே ஜோக் சொல்லியிருக்கிறான். "ஒருத்தர் மட்டும் திரும்பிப் பாத்தாரு. சந்தோஷப்பட்டேன். தம்பி, பிளேட் எங்க இருக்குதுன்னு கேட்டாரு" என்றான். அவனுடைய அப்பா சொந்தக்காரர்களிடம் பையன் வெளிநாட்டில் இருப்பதாகச் சொல்லிவைத்திருக்கிறாராம். அதனால் சொந்தக்காரர்கள் இருக்கிற தெருவுக்கு அவன் ஹெல்மெட் போட்டுக்கொண்டுதான் போக முடிகிறது.

தென்னரசு சொன்னதுதான் எனக்குப் பிடித்தது. அவன் ஜோக்குகளை முதலில் கம்பெனி பஸ்ஸில்தான் சொல்லிப் பார்ப்பானாம். "நைட் ஷிப்ட் முடிச்சிட்டு வர்றவன் தூக்கத்துல தலை ஆடிகினு இருப்பான். அவன சிரிக்க வெச்சிட்டா உலகத்துல எவனையும் சிரிக்க வெச்சிடலாம்" என்றான். அவனுடைய அம்மா பச்சையம்மாளுக்குப் பையன் மேடையில் பேசுகிறான் என்று மட்டும் தெரியும். ஒவ்வொரு தடவையும், "எந்தக் கட்சிடா? உனக்கு எப்ப சீட்டு குடுப்பாங்க?" என்று கேட்கிறாராம். "சீட்டு இல்லம்மா, நின்னுகினு தான் பேசணும்னு சொன்னேன். அப்ப வேற கட்சிக்குப் போடான்னுச்சு" என்றான். நான் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்ச் சிரித்துவிட்டு வந்தேன்.

யாரைப் பற்றி ஜோக் சொல்லலாம், யாரைப் பற்றிச் சொல்லக் கூடாது என்று ஒரு பேச்சு வந்தது. "மேல இருக்கறவன இறக்கு, கீழ இருக்கறவன தொடாத" என்றான் தென்னரசு. அதற்கு காவ்யா, "வூட்டு மனுஷங்களுக்கு அது பத்தாது. அவங்க மேலயும் இல்ல, கீழயும் இல்ல, பக்கத்துல இருக்கறாங்க. அவங்க முன்னாடியே நின்னு, முகத்தப் பாத்து ஒரு தபா சொல்லணும். சொல்ல முடியலன்னா அந்த ஜோக்கே வேணாம்" என்றாள். பொறுப்பாகத்தானே பேசுகிறாள் என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அவள் சென்னையை விட்டுவிட்டு ஆரணிக்கு ஏன் நிகழ்ச்சியைக் கொண்டுவந்தாள் என்று அந்த நிமிடமாவது என் மரமண்டைக்கு உறைத்திருக்க வேண்டும்.

சாயங்காலம் மண்டபம் நிறைந்துவிட்டது. நம் வகையறா, நெசவு வீடுகள், பட்டுக் கடைக்காரர்கள், கண்ணமங்கலத்திலிருந்து வந்த சொந்தக்காரர்கள் என்று பாதிக்கூட்டம் தெரிந்த முகம். வாசலில் கொடுத்த டிக்கெட்டை விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனேன். கள்ள டிக்கெட் அச்சடிக்கிற காலம், பார்ப்பதில் தப்பென்ன?

இங்கே என் பங்கையும் சொல்லிவிடுகிறேன். வெளியூர்ப் பிள்ளைகள் நம் ஊர் மேடையில் ஏறுகிறார்கள், பொன்னாடை போர்த்தாமல் அனுப்பினால் நாளைக்கு யார் முகத்தில் விழிப்பது? ஆளுக்கு ஒன்று எடுத்து வாருங்கள், பேசி முடித்ததும் போர்த்திவிடலாம் என்று பக்கத்துக் கடை பாலுவிடம் சொன்னேன். பாலு நாலு பேரிடம் சொன்னான். ஆரணியில் இந்த மாதிரி விஷயம் நாலு பேரோடு நிற்குமா? அவன் கடையில் பட்டு என்றால் இவன் கடையில் ஜரிகை போட்ட பட்டு என்று மடியில் பொன்னாடையோடு ஒரு பெரும் படையே வந்து உட்கார்ந்துவிட்டது.

முதலில் கிரண் ஏறினான். "ஆரணி, எப்படி இருக்கீங்க?" என்று கத்தினான். சென்னையில் இதற்குக் கூட்டம் ஓவென்று கத்துமாம். நம்ம ஊர்க்காரர்கள் மரியாதை தெரிந்தவர்கள். "நல்லா இருக்கறோம் தம்பி, நீ எப்படி இருக்கற?" "சாப்ட்டியாப்பா?" "அப்பா அம்மா சௌக்கியமா?" என்று வரிசை வரிசையாகப் பதில் சொன்னார்கள். அவன் ஒவ்வொருவருக்கும் பதில் சொல்லி முடிப்பதற்குள் பாதி நேரம் தீர்ந்தது. மீதி நேரத்தில், முன்வரிசையில் இருந்த ஒருவரைப் பார்த்து, "அண்ணா, நீங்க என்ன பண்றீங்க?" என்று கேட்டுத் தொலைத்தான். அப்படிக் கேட்டு, அவர் சொல்வதிலிருந்து ஜோக் பண்ணுவது ஒரு வித்தையாம். அவர் எழுந்து நின்று பட்டு நூல் விலையில் ஆரம்பித்து, பவர்லூமில் முடித்து, நடுவில் மூத்த மருமகனையும் தொட்டுவிட்டு உட்கார்ந்தார். கைதட்டல் முழுக்க அவருக்குத்தான் விழுந்தது.

அடுத்தது தென்னரசு. பையன் நன்றாகத்தான் ஆரம்பித்தான். ஆனால் லோகு, இவர்கள் தொழிலில் ஒரு வழக்கம் இருக்கிறது. சிரிப்பு வரவேண்டிய இடத்துக்கு முன்னால் ஒரு கணம் பேச்சை நிறுத்துவார்கள். நம் ஊரில் மேடையில் ஒருத்தர் பேச்சை நிறுத்தினால் என்ன அர்த்தம்? முடித்துவிட்டார் என்று அர்த்தம். அவன் நிறுத்தினான், பாலு ஏறிப் பொன்னாடை போர்த்தி, போட்டோவுக்கு நின்று, இறங்கினான். தென்னரசு கும்பிட்டுவிட்டு விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தான். மறுபடி நிறுத்தினான், அடுத்தவர் ஏறினார். அந்தப் பிள்ளை எந்த ஜோக்கையும் முடிக்கவே இல்லை. ஆடி மாதப் புழுக்கத்தில் ஐந்தாறு பட்டுக்கு நடுவே முகம் மட்டும் தெரிய நின்றுகொண்டிருந்தான், வியர்வை கொட்டுகிறது. மேடைக்குப் பக்கத்தில் காவ்யா தலையில் கைவைத்துக்கொண்டாள்.

அப்போது அவன் மைக்கைக் கையில் எடுத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னான். "எங்க தாத்தா பேரு வீரன். பெரியவங்க தெருவுக்குள்ள போவும்போது தோள்ல இருக்கற துண்ட எடுத்து அக்குள்ல வெச்சிக்கினு தான் நடப்பாரு. தோள்ல துண்டு போட்டதுக்கு ஒரு தபா அடியும் வாங்கினாரு. இன்னிக்கு அவருக்கும் சேத்து எனக்கே போட்டுட்டீங்க." நிறுத்தினான். ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை. "போதுங்க, தாத்தாவே பேஜாராயிட்டாரு. உள்ள புழுங்குதாம்."

முதலில் யாருக்கும் சிரிக்கலாமா என்று தெரியவில்லை. அப்புறம் மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே வெட்கப்படுவது எனக்கு அதுதான் முதல் தடவை. அப்படி ஒரு காரியத்தைப் பேச்சுப்போட்டியில் சொன்னால் கைதட்டிவிட்டு மறந்திருப்போம். இது இரண்டு நாளாக மறக்கவில்லை. ஜோக் சொல்வது விளையாட்டு வேலை இல்லை என்று எனக்குப் புரிந்ததும் அப்போதுதான். புரிந்து என்ன, அடுத்து ஏறியவள் என் மகள்.

இப்போது அந்தப் பகுதியைச் சொல்கிறேன், நீயே நியாயம் சொல். உனக்குத் தெரியும், நெசவாளர்கள் கொண்டுவருகிற சேலையைப் பார்த்து எடுப்பது என் தொழில். கடை வாசலில் நின்று சேலையை இரண்டு கையாலும் தூக்கி வெளிச்சத்துக்கு நேராகப் பிடிப்பேன். இழை விட்டிருந்தால் அந்த இடத்தில் வெளிச்சம் தெரியும். அவள் மேடையில் நின்று, கையைத் தூக்கி, ஒரு கண்ணை மூடி, அச்சு அசல் என்னைப்போலவே காட்டினாள்.

"எங்க அப்பா சேலைய மட்டும் இப்படிப் பாக்கல. என் பிளஸ் டூ மார்க் ஷீட்டயும் வெளிச்சத்துல தூக்கிப் பாத்தாரு. 'எல்லாம் சரி, கணக்குல கொஞ்சம் இழை விட்டிருக்குது'ன்னாரு. வூட்ல தோசைய தூக்கிப் பாப்பாரு. என்ன பொண்ணு பாக்க வர்றதா இருந்த பையனோட போட்டோவ ஜன்னல்கிட்ட எடுத்துகினு போயி தூக்கிப் பாத்தாரு. 'முன் தலையில நூல் கம்மியா போட்டுட்டாங்களே'ன்னாரு."

கூட்டம் குலுங்கியது. எனக்குக் காது சுட்டது. எனக்குப் பின்னால் ஒரு நெசவாளர் வீட்டம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே, "எங்க வூட்டு மனுஷனும் இப்படித் தான்" என்கிறார். சுற்றிப் பார்த்தால் மண்டபத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் எல்லாம் அவரவர் அப்பாவைத் திரும்பிப் பார்க்கிறார்கள். அப்பாக்கள் எல்லாம் விட்டத்தைப் பார்க்கிறார்கள்.

காவ்யா என் முகத்தையே பார்த்துக்கொண்டு சொன்னாள். "நான் ஆஸ்பத்திரில பொறந்தப்போ நர்ஸம்மா என்ன துணியில சுத்தி அப்பா கையில குடுத்தாங்களாம். அப்பா என்ன அப்படியே டியூப்லைட்டுக்கு நேரா தூக்கிட்டாரு. நர்ஸம்மா பதறிப்போயி, 'இன்னா சார் பாக்கறீங்க?'ன்னாங்களாம்." நிறுத்தினாள்.

பாலு எழுந்துவிட்டான், கையில் பொன்னாடையோடு. எனக்கு என்ன தோன்றியதோ, என்னையறியாமல் கத்திவிட்டேன். "உக்காருடா பாலு! அவ இன்னும் முடிக்கல!"

அதற்கு விழுந்த சிரிப்பு அன்றைக்கு யாருக்கும் விழவில்லை. கிரண்கூட நிஜமாகவே சிரித்தான். காவ்யா அது அடங்கும்வரை பொறுமையாகக் காத்திருந்துவிட்டு முடித்தாள். "அப்பா சொன்னாராம், 'ஒண்ணுமில்லம்மா, குறை எதுவும் இல்ல.' என்ன பத்தி எங்க அப்பா சொன்ன நல்ல வார்த்தை அது ஒண்ணு தான். எனக்கு ஞாபகம் இல்ல. அப்ப எனக்கு வயசு பத்து நிமிஷம்."

நாற்காலிகளை அடுக்கும்போது காவ்யா கைநிறைய பொன்னாடைகளோடு வந்து என் முன்னால் நின்றாள். "எப்படிப்பா இருந்துச்சு?" என்றாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? மைக் சத்தம் அதிகம் என்றேன். ஸ்டூலுக்கு ஒரு கால் ஆடுகிறது என்றேன். துப்பட்டாவை ஒழுங்காகக் குத்தியிருக்கலாம் என்றேன். சொல்லிக்கொண்டே இருக்கும்போதே அவள் முகம் சின்னதாகிக்கொண்டு போனது, என் வாயும் நிற்கவில்லை. "சரிப்பா. உங்களுக்கு கஷ்டமா இருந்தா அத எடுத்துடறேன். சனிக்கிழமைக்குள்ள சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். காலையில் மூன்று பேரும் கிளம்பினார்கள். தென்னரசு மட்டும், "அந்த பாலு அண்ணன் விஷயம் சூப்பர் சார், அத எழுதி வெச்சாலும் வராது" என்று கையைக் குலுக்கிவிட்டுப் போனான்.

அதற்கப்புறம் இந்த ஊரில் என் பிழைப்பைக் கேள். டீக்கடைக்காரன் கிளாஸை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிக் காட்டி, "குறை எதனா இருக்குதாண்ணே?" என்கிறான். கண்ணமங்கலம் பஸ்ஸில் கண்டக்டர் என் நோட்டை வாங்கித் தூக்கிப் பார்க்கிறான், பஸ்ஸே சிரிக்கிறது. நெசவாளர் ஒருத்தர் சேலையைக் கொண்டுவந்து, நான் கையை நீட்டுவதற்கு முன்னால் தானே தூக்கிப் பிடித்துக்கொண்டு, "ஜல்தியா பாத்து சொல்லுங்க, நர்ஸம்மா வெயிட்டிங்" என்கிறார். ஒரு மண்டபத்துக் கூட்டத்துக்கே இந்தக் கதி. உலகம் முழுக்கப் போட்டால் நான் எங்கே போய் ஒளிந்துகொள்வது?

வேடிக்கை கிடக்கட்டும், மனசில் இருப்பதை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்? குறை பார்ப்பதுதான் என் வேலை. நல்லா இருக்கிறது என்று சொல்ல எனக்குச் சம்பளம் இல்லை. நான் ஒரு இழையைக் கவனிக்காமல் விட்டால், எங்கோ ஒரு பெண் முகூர்த்தத்தன்று சேலையைப் பிரிக்கும்போது நாலு பேர் முன்னால் அது தெரியும். பிள்ளையையும் அப்படித்தான் வளர்த்தேன். வெளியே போனால் எவனும் அவளிடம் ஒரு குறை கண்டுபிடித்துவிடக் கூடாது, அதற்கு முன்னால் நான் கண்டுபிடித்துவிட வேண்டும் என்று. இது பாசம் இல்லையா? பாசத்தை எடுத்து மேடையில் வைத்துச் சிரித்தால் வலிக்காதா? அதுவும் போகட்டும், அவள் சொன்னது முழுப்பொய். சேலையைத் தவிர வேறு எதையும் நான் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பவன் இல்லை. இது உனக்கே தெரியும்.

ஆகவே என் முடிவில் மாற்றம் இல்லை. அந்தப் பகுதி வேண்டாம் என்று அவளிடம் பக்குவமாகச் சொல். அழுதால் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடு, காது குத்தியபோது அதற்குத்தான் அடங்கினாள். லாவண்யாவுக்கு எங்கள் ஆசி. அவள் கேட்ட மாம்பழ நிறத்துச் சேலை தறியில் இருக்கிறது, ஆவணிக்குள் வந்துவிடும். மழைக்கு முன்னால் உன் வீட்டு மொட்டைமாடி ஒழுக்கைச் சரிபார். எல்லாரும் தீர்க்காயுசோடு இருக்க அம்மன் அருள் புரியட்டும்.

இப்படிக்கு,
உன் நலம் நாடும் மாமா,
கமலக்கண்ணன்

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போடுவதற்கு முன்னால் எதற்கும் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று வாசலுக்கு எடுத்துக்கொண்டு வந்தேன். உன் அக்கா வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். பக்கெட்டைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். "இன்னா பாக்கறீங்க?" என்றாள். "ஒண்ணுமில்ல, குறை எதனா இருக்குதான்னு பாத்தேன்" என்றேன். சொன்ன பிறகுதான் என் இரண்டு கையும் எங்கே இருக்கின்றன என்று எனக்குத் தெரிந்தது. கடிதம் வெயிலுக்கு நேராக இருந்தது, நான் ஒரு கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். மணிமேகலை படியில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் எதிர்வீட்டுக் கதவு திறந்துவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து அவளை நான் அப்படிச் சிரிக்கவைத்ததில்லை.

மேலே எழுதியதைப் பேனாவால் எழுதித் தொலைத்துவிட்டேன், பக்கம் முழுக்க அடித்தால் அசிங்கமாக இருக்கும். நீ படித்ததோடு விட்டுவிடு. சனிக்கிழமை வரைக்கும் காத்திருக்காமல் காவ்யாவைக் கூப்பிட்டு அந்தப் பகுதியை வைத்துக்கொள்ளச் சொல். பாலுவை நான் அதட்டியதையும் சேர்த்துக்கொள்ளச் சொல், அவனிடம் நான் பேசிக்கொள்கிறேன். எப்படி இருந்தது என்று கேட்டாளே, அதற்கு அப்பா இப்போதுதான் பதில் எழுதியிருக்கிறார் என்று சொல்: நன்றாகப் பார்த்துவிட்டேன், குறை எதுவும் இல்லை. நர்ஸம்மா அவளைக் குளிப்பாட்டி என் கையில் கொடுத்தபோது அரை மணி நேரம் ஆகியிருந்தது, அது அவளுக்கும் தெரியும். ஆனால் கிரண் சொன்னதுதான் சரி. பத்து நிமிஷமே இருக்கட்டும்.